தீப்பெட்டி விலையில் ஒரு பொத்தான்

விருதுநகர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சமையலறைக்குச் சொந்தக்காரிகளான சகோதரிகளுக்கு மிளகாய் வற்றலும் உளுந்தும் நல்லெண்ணெயும் ஞாபகம் வரும். நாக்குக்கு அடிமையானவர்களுக்கு எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்த பரோட்டா. திண்ணையில் அரசியல் பேசும் பெரியவர்களுக்குக் காமராஜர். சிவகாசி என்றாலோ கேட்கவே வேண்டாம். வீட்டிலுள்ள வாண்டுகள் இரு காதையும் பொத்திக் கொண்டு சிரிக்கத் தொடங்கி விடும்.

இன்று நான் உங்களை அந்தப் பக்கம் அழைத்துப் போவது மிளகாய் வாங்கவும் அல்ல, மத்தாப்பு வாங்கவும் அல்ல. ஒரு பொத்தான் வாங்க! சட்டைப் பொத்தான் என்று நினைத்து விடாதீர்கள். அமுக்கினால் மணி அடிக்குமே, விளக்கு எரியுமே, அந்தப் பொத்தான்.

"இது என்ன கூத்து? பொத்தான் வாங்க ராத்திரி பூரா ரயில் ஏறிப் போவார்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. இப்போதெல்லாம் ஆறாம் வகுப்புப் பையன் பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்து விட்டு, "அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட் கொண்டு போகணும்" என்கிறான். முன்பெல்லாம் ப்ராஜெக்ட் என்றால் தெர்மோகோலில் எரிமலை. இன்றைக்கு அதில் விளக்கு எரிய வேண்டும், மணி ஒலிக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு காட்ட வேண்டும். இத்தாலியில் 2005-ல் பிறந்த 'ஆர்டுயினோ' என்ற குட்டிப் பலகை நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து விட்டது. பலகை ஒன்று போதும். ஆனால் அதை அமுக்கச் சொல்லும் பொத்தான்கள் நான்கு, எட்டு, பதினாறு என்று வேண்டும். ஆயத்தப் பெட்டியாக வாங்கினால் நூற்றுக் கணக்கில் விலை. மாசக் கடைசியில் இந்தச் செய்தி வந்தால் அம்மாவின் முகம் எப்படியிருக்கும்?

அந்தக் கவலை தீரத்தான் இந்தப் பயணம். பொத்தானின் பரம ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்க இந்தியாவிலேயே தகுதியான ஊர் சிவகாசிதான் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

கரிசல் மண்ணில் இறங்குவோம்

மதுரைக்குத் தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் விருதுநகர். 1923 வரை இதன் பெயர் விருதுப்பட்டி. ரயிலடியை விட்டு வெளியே வந்தால் கறுத்த மண், சீமைக் கருவேல முள், கண்ணைக் கூச வைக்கும் வெயில். மழைக்கு இந்தச் சீமையின் மேல் அவ்வளவு பிரியம் இல்லை. விவசாயம் கை கொடுக்காத பூமியில் மனிதர்கள் கையையே நம்பினார்கள். விருதுநகரில் வியாபாரம் வளர்ந்தது. 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவகாசியில் தொழில் வளர்ந்தது. ஈரம் இல்லாத வெயில் பயிருக்குத்தான் பகை. தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு அதைப் போல் உற்ற நண்பன் வேறு உண்டா?

ஊருக்குள் போகும் முன் ஒரு நிமிஷம். காமராஜர் பிறந்த வீடு இங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. 1903 ஜூலை 15-ல் பிறந்தவர் அவர். படித்தது க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியில். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைக் கொண்டு நடத்திய பள்ளிக்கூடம் அது. சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டவர்கள் யார்? உங்களையும் என்னையும் போன்ற வீட்டுப் பெண்கள்தான். சிறு துளியைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆகவே, சின்னச் சாமானைக் கொண்டு பெரிய பாடம் படிப்பதைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தந்தானே?

பஸ் ஏறுங்கள், சிவகாசிக்குப் போவோம்.

தீக்குச்சி சொன்ன ரகசியம்

1922-ல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். ஒருவர் அய்ய நாடார். மற்றவர் சண்முக நாடார். அங்கே தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக் கொண்டு ஊருக்குத் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பு, பட்டாசு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம். ஊரே 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கி விட்டது.

இப்போது உங்கள் சமையலறைத் தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் முதலான சரக்குகள் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. குச்சியைத் தரையில் தேய்த்தால் பற்றாது. பெட்டியைத் தனியாக வைத்தாலும் பற்றாது. இரண்டும் உரசினால்தான் சுடர் பிறக்கும். அதனால்தான் அதற்குப் 'பாதுகாப்புத் தீக்குச்சி' என்று பெயர்.

அவ்வளவுதான், பொத்தானின் ரகசியமும் இதுவே! சேர வேண்டிய இரண்டைப் பிரித்து வைப்பது. வேண்டும்போது சேர விடுவது. வேலை முடிந்ததும் மறுபடி பிரித்து விடுவது. மின்சாரம் போகும் பாதையில் ஓர் இடைவெளி. அதன் இரு கரையிலும் உலோகம். விரல் அமுக்கினால் கரைகள் தொடுகின்றன. விரலை எடுத்தால் விலகுகின்றன. இதற்குள் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஆகவே இந்த வேலையைச் செய்யக் கடைச் சரக்குத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

காலண்டர் அட்டைக்குக் கதிமோட்சம்

சிவகாசியின் அச்சகத் தெருக்களில் ஆடிப் பதினெட்டு அன்று ஒரு விசேஷம் உண்டு. மறு வருஷத்துத் தினசரிக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை அன்றுதான் வெளியிடுவார்கள். ஜனவரி பிறக்கையில் நம் மளிகைக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் கொடுக்கிறார்களே, சாமி படம் போட்ட கெட்டி அட்டை, அதில் பெரும்பங்கு இங்கே பிறந்ததுதான். தாள் எல்லாம் கிழிந்த பிறகு அந்த அட்டையை என்ன செய்கிறீர்கள்? ஜாடிக்கு மூடி, பரீட்சைக்கு அட்டை; இல்லாவிட்டால் பரண். இனி அப்படி விட வேண்டாம்.

படத்தைப் பத்திரமாக எடுத்து வைத்து விட்டு, அட்டையில் உள்ளங்கை அளவு மூன்று துண்டுகள் வெட்டிக் கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளின் உட்பக்கத்தில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுங்கள். மூன்றாவது துண்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிய வட்ட ஓட்டை போடுங்கள். அலுமினியத் தாள் ஒட்டிய இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் ஓட்டை போட்டதை வைத்து ஓரங்களை ஒட்டி விடுங்கள். மேல் அட்டை கெட்டியாக இருந்தால் வளையாது. அதற்குப் பதில் கல்யாணப் பத்திரிகை அட்டை போடுங்கள். அமுக்கினால் அட்டை வளைந்து, ஓட்டை வழியே இரண்டு அலுமினியத் தாளும் தொடும். விட்டால் விலகும். ஒவ்வோர் அலுமினியத் தாளிலிருந்தும் ஒரு கம்பி வெளியே வர வேண்டும். அலுமினியத்தில் ஈயப் பற்று சுலபத்தில் பிடிக்காது. ஆகவே கம்பி நுனியின் மேல்தோலை உரித்து, அலுமினியத் தாளில் மடித்து, காகித கிளிப்பால் கவ்வி விடுங்கள்.

இது ஏதோ குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். உங்கள் மைக்ரோவேவ் அடுப்பின் முகப்பில் தொட்டாலே வேலை செய்யும் தட்டையான பொத்தான்கள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றின் உள்ளேயும் இந்த மூன்று அடுக்குத்தான்: பாலியெஸ்டர் தாளில் வெள்ளி கலந்த மையால் அச்சடித்த பாதைகள், நடுவே ஓட்டையுள்ள ஒரு தாள், மேலே இன்னொரு தாள். அச்சுத் தொழில்தான் அங்கேயும் மின்சாரத்துக்கு வழி போடுகிறது.

ஓர் எச்சரிக்கை: பளபளப்பதெல்லாம் மின்சாரத்தைக் கடத்தாது. இனிப்புப் பெட்டியிலும் பரிசுக் காகிதத்திலும் உள்ள மினுமினுப்பின் மேல் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். முதலில் சோதித்துப் பார்த்து விட்டு ஒட்டுங்கள்.

வீட்டிலேயே இன்னும் இரண்டு

காலித் தீப்பெட்டியும் ஒரு நல்ல பொத்தான். உரசும் பக்கத்தின் மேல் காகிதம் ஒட்டி மூடி விடுங்கள். வெளிக் கூட்டின் ஒரு வாயை அட்டையால் அடைத்து, அதன் உட்புறத்தில் ஒன்றையொன்று தொடாத இரண்டு அலுமினியத் துண்டுகளை ஒட்டி, கம்பிகளை வெளியே எடுங்கள். உள் தட்டின் முனையை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். தட்டை உள்ளே தள்ளினால் அதன் முனை இரண்டு துண்டுகளுக்கும் பாலம் போடும், விளக்கு எரியும். வெளியே இழுத்தால் அணையும்.

துணி காய வைக்கும் கிளிப் அடுத்தது. அதன் இரு உதடுகளிலும் அலுமினியத் தாளைச் சுற்றிக் கம்பி வையுங்கள். இது தலைகீழ்ப் பொத்தான்: சும்மா விட்டால் தொட்டுக் கொண்டிருக்கும்; அமுக்கினால் விலகும். உதடுகளுக்கு நடுவே அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, அதை நூலால் சாமான் அறைக் கதவில் கட்டி விடுங்கள். யாராவது கதவைத் திறந்தால் அட்டை உருவிக் கொள்ளும், மணி அடிக்கும். முறுக்கு டப்பாவுக்குத் தினமும் இரண்டு மணிக்கு வரும் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க இதை விடச் சிக்கனமான போலீஸ் கிடையாது.

தீக்குச்சியிலும் சைக்கிள் வால்வுக் குழாயிலும் கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கலாம் என்று நாட்டுக்கே காட்டிய அரவிந்த் குப்தாவை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். குப்பை என்று நாம் ஒதுக்குவதைப் பொம்மையாக்கிக் குழந்தைகளின் கையில் கொடுத்த மனிதர். தமிழில் சிறுவர்களுக்கு வரும் 'துளிர்' விஞ்ஞான மாத இதழைப் புரட்டினாலும் இந்த ருசி பிடித்து விடும்.

கடைப் பொத்தான் வாங்கினால்

அட்டைப் பொத்தான் அழகுதான். ஆனால் நூறு பேர் அமுக்கும் கண்காட்சிக்கு அது தாங்காது. அப்போது கடைக்குப் போக வேண்டியதுதான். சென்னைவாசிகளுக்கு ரிச்சித் தெரு இருக்கிறது. சின்ன ஊர்களில் டி.வி. ரிப்பேர் கடையிலோ எலக்ட்ரிக் கடையிலோ கேட்டால் போதும். சிவகாசிப் பக்கத்தில் பேச்சு இப்படிப் போகும் என்று வைத்துக் கொள்ளுங்கள்:

"அண்ணாச்சி, சின்னதா அமுக்குற சுவிட்சு இருக்கா?"

"எதுக்கு தாயி? வீட்டு மணிக்கா, பிள்ளைக பாடத்துக்கா?"

"பிள்ளைக பாடத்துக்குத்தான் அண்ணாச்சி."

"அப்ப இந்தப் பொடிசு போதும். பத்தா வாங்கிக்கோங்க, தொலைஞ்சு போகும்!"

அந்தப் 'பொடிசு' ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள ஒரு சிறு பொத்தான். அமுக்கினால் 'டிக்' என்று சொல்லும். ஒன்று இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். 2021 டிசம்பர் 1-ல் தீப்பெட்டி விலையை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக உயர்த்தினார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே விலைதான்! இதற்கு நான்கு கால்கள் உண்டு. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நான்கில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே ஒட்டிப் பிறந்தவை. தவறான ஜோடியில் கம்பி வைத்தால், அமுக்காமலே விளக்கு எரிந்து கொண்டிருக்கும். எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டில் கம்பி வையுங்கள், பிசகவே பிசகாது.

வேறு சிலவும் உண்டு. வாசல் மணிப் பொத்தான் பெரியது, உறுதியானது. பாட்டரிக்கும் நன்றாக வேலை செய்யும். 'ரீட் சுவிட்சு' என்பது கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தப் பொம்மையைப் பக்கத்தில் கொண்டு வந்தால் ஒட்டிக் கொள்ளும். கதவு, ஜன்னல், பொம்மை வீடு எல்லாவற்றுக்கும் ஏற்றது. கண்ணாடி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பாழாய்ப் போன கம்ப்யூட்டர் மௌஸ் வீட்டில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். அதன் வயிற்றில் அருமையான பொத்தான்கள் இருக்கின்றன. விலை? ஒரு திருகாணி கழற்றும் சிரமம்!

பொத்தான் செய்யும் இரண்டு குறும்பு

பையன் பலகையோடு பொத்தானை இணைத்த பிறகு, "அம்மா, நான் தொடவே இல்லை, அதுவா அடிக்குது!" என்று கத்துவான். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. பொத்தான் விலகியிருக்கும்போது பலகைக்குப் போகும் கம்பி அந்தரத்தில் தொங்குகிறது. கொடியில் ஒரு கிளிப்பும் இல்லாமல் போட்ட புடவை மாதிரி, எந்தக் காற்று வந்தாலும் அந்தப் பக்கம் பறக்கும். அதற்கு ஒரு கிளிப் வேண்டும். 10,000 ஓம் தடை ஒன்றை அந்தக் கம்பியிலிருந்து பாட்டரியின் கூட்டல் முனைக்குப் போட்டு, பொத்தானைக் கழித்தல் முனைக்கு இணைத்தால் புடவை அடங்கி நிற்கும். பல பலகைகளில் இந்தத் தடை உள்ளேயே இருக்கிறது. நிரலில் ஒரு வார்த்தை மாற்றினால் போதும், காசே இல்லை.

இரண்டாவது குறும்பு: ஒரு தடவை அமுக்கினால் மூன்று தடவை என்று எண்ணுவது. எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டால் ஒரே சப்தத்தோடு நிற்கிறதா? 'டண்... டண்... டண டண' என்று துள்ளித்தான் அடங்கும். பொத்தானுக்குள் இருக்கும் தகடும் அப்படியே துள்ளுகிறது. நம் காதுக்குக் கேட்காத அவசரத்தில் துள்ளுவதைப் பலகை ஒன்று விடாமல் எண்ணி விடுகிறது. முதல் தொடுதலுக்குப் பிறகு 20 மில்லி செகண்டு, அதாவது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, காத்திருந்து விட்டு மறுபடி பார் என்று பலகைக்குச் சொல்லிக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். அட்டைப் பொத்தானுக்கு இன்னும் சற்று அதிக நேரம் கொடுங்கள்.

பதினாறு பொத்தானுக்குப் பதினாறு கம்பி வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். நான்கு கம்பியைப் படுக்கையாகவும் நான்கைச் செங்குத்தாகவும் வைத்து, குறுக்கிடும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் வைத்தால் எட்டுக் கம்பியே போதும். தெருப் பெயரும் கதவு எண்ணும் தெரிந்தால் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிக்கவில்லையா? அதே தந்திரந்தான்.

பாட்டிக்கு ஒரு மணி

ப்ராஜெக்ட் மார்க்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வித்தையால் வீட்டுக்கு என்ன லாபம்?

படுக்கையோடு படுக்கையாகப் பாட்டியோ மாமனாரோ இருக்கும் வீடுகள் எத்தனை! இரவு தாகம் எடுத்தால் கூப்பிடக் குரல் எழும்பாது. வாசல் மணிப் பொத்தானை அமுக்க விரலில் பலம் இராது. கை நடுங்குவோருக்காகவே பெரிய பொத்தான்கள் கடையில் உண்டு, விலைதான் எட்டாது. மேலே சொன்ன காலண்டர் அட்டைப் பொத்தானையே ஒரு சிறு தட்டு அளவுக்குப் பெரிதாகச் செய்யுங்கள். நடு அட்டையில் ஒரே ஓட்டைக்குப் பதில் நாலைந்து ஓட்டைகள் போடுங்கள். எங்கே அமுக்கினாலும் தொடும். உள்ளங்கையோ முழங்கையோ பட்டால் போதும். இரண்டு பென்டார்ச் செல்கள் சேர்ந்தால் மூன்று வோல்ட். மூன்று வோல்ட்டில் ஒலிக்கும் சின்ன 'பஸ்ஸர்' ஒன்று. சிவப்பு எல்.இ.டி. விளக்கும் வேண்டுமானால் அதோடு 100 ஓம் தடை ஒன்றைச் சேர்த்து விடுங்கள். நீளமான கம்பி இழுத்து மணியை உங்கள் அறையில் வையுங்கள். தினமும் படுக்கப் போகுமுன் ஒரு தரம் அமுக்கிப் பார்த்து விடுங்கள். செல் தீர்ந்திருந்தால் அன்றே தெரிந்து விடும். பேரன் செய்த மணி என்பதற்காகவே பாட்டி தேவையில்லாமலும் நாலு தடவை அடிப்பாள். அடிக்கட்டுமே!

நான்கு விஷயம் கண்டிப்பு

இனிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன்.

ஒன்று: வீட்டில் செய்த பொத்தான் பாட்டரிக்கு மட்டுந்தான். சுவரிலுள்ள பிளக்கில் வருவது 230 வோல்ட். அட்டைக்கும் அலுமினியத் தாளுக்கும் அங்கே இடமே இல்லை.

இரண்டு: நாணயம் போன்ற வட்டமான லித்தியம் செல்லைச் சிறு குழந்தையுள்ள வீட்டில் திறந்து வைக்க வேண்டாம். குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கி விடும். சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். ப்ராஜெக்டுக்குப் பென்டார்ச் செல்லே உத்தமம்.

மூன்று: கூட்டல் முனையையும் கழித்தல் முனையையும் வெறும் கம்பியால் நேரே சேர்க்க வேண்டாம். செல் சூடேறிக் கையைச் சுடும்.

நான்காவதுதான் மிக முக்கியம்: பொத்தானையும் பட்டாசையும் ஒன்று சேர்க்கும் எண்ணம் பிள்ளைகளுக்கு வரவே விடாதீர்கள். பொத்தான் சேரும்போதும் பிரியும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறி உண்டாகலாம். பட்டாசு ஆலைகளில் இந்தப் பொறியைக் கண்டு எவ்வளவு பயப்படுகிறார்கள் தெரியுமா? தொழிலாளிகள் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் நிலை மின்சாரம் இறங்கிப் போக, மண்ணோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு விட்டுத்தான் மருந்து அறைக்குள் போக வேண்டும். செல்போன் கூடாது. அறைக்கு அறை இடைவெளி. அறைக்குள் இத்தனை பேர்தான் என்று கணக்கு. தீக்குச்சி கற்பித்த அதே பாடம்: பிரித்து வை! அந்தப் பாடம் பிசகிய நாட்களைச் சிவகாசி மறக்கவில்லை. 2012 செப்டம்பர் 5-ல் பக்கத்திலுள்ள முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். தீபாவளியன்று நாம் கொளுத்தும் ஒவ்வொரு புஸ்வாணத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது. அநேகமாக அது ஒரு பெண்ணின் கை.

சின்னஞ்சிறு விரல்கள்

ஒரு காலத்தில் அது குழந்தையின் கையாகவும் இருந்தது. தீப்பெட்டி அடைக்கவும் குச்சி அடுக்கவும் சின்ன விரல்கள்தான் வேகமாக ஓடும் என்று விடியற்காலையில் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டு போன நாட்கள் உண்டு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும். அந்தக் கறையைத் துடைக்க இந்த ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல.

காமராஜர் பன்னிரண்டு வயதை ஒட்டிப் படிப்பை நிறுத்திக் கொண்டு மாமாவின் ஜவுளிக் கடைக்குப் போனவர். 1954-ல் முதன் மந்திரியானதும் மூலை முடுக்கெல்லாம் பள்ளி திறந்தார். பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார். 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'வானவில் மன்றம்' இன்று அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பரிசோதனைகளைக் கையாலேயே செய்து பார்க்கக் கற்றுத் தருகிறது.

இதை நினைக்கும்போதுதான் இரண்டு ரூபாய்ப் பொத்தானின் மதிப்பு எனக்குப் புரிகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை ஆயிரம் ரூபாய்ப் பெட்டியைப் பிரித்துக் கற்றுக் கொள்வான். பட்டாசு ஆலைக்குப் போகும் தாயின் மகள் எதைப் பிரிப்பாள்? காலண்டர் அட்டையையும் காலித் தீப்பெட்டியையும் பிரிப்பாள். மின்சாரம் ஆளைப் பார்த்து ஓடுவதில்லை. பாதை சரியாக இருந்தால் யார் கையிலும் விளக்கு எரியும். தீக்குச்சி அடுக்கிய அதே வேகமான விரல், தான் செய்த பொத்தானை அமுக்கி விட்டு, "ஏன் எரியுது?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்க எந்தக் குழந்தைக்கும் காசு தடையாக இருக்கக் கூடாது.

ஆகவே, சகோதரிகளே, வருகிற மார்கழிக் கடைசியில் பழைய காலண்டரை ஆணியிலிருந்து கழற்றும்போது அட்டையைப் பரணில் போட்டு விடாதீர்கள். கத்தரிக்கோலையும் சமையலறை அலுமினியத் தாளையும் எடுத்து மேஜை மேல் வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து விட்டார்களா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் மகளைக் கூப்பிடுங்கள். ஒரு சாயங்காலம் போதும்.